தொடாதீங்க, ஆட்டம் நடக்குது

டயாலிசிஸ் மையத்தில் சிஸ்டரின் மேஜைமேல் ஒரு எஃகுத் தட்டு இருந்தது. அதன்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து, முதுகில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் எழுதியிருந்தார்கள்: "தொடாதீங்க, ஆட்டம் நடக்குது." அவள் வந்தது வேறு வேலையாக. நோயாளிகளுக்குத் தான் போட்டுக் கொடுத்த புது நேர அட்டவணை இரண்டு வாரம் ஓடியிருந்தது. அதன் விவரத்தை டோக்கன் எந்திரத்திலிருந்து எடுத்துக்கொண்டு கல்லூரிக்குத் திரும்ப வேண்டும். வந்த வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் வருடக்கணக்காக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவளிடம் தொடாதே என்றால் கை சும்மா இருக்குமா? தூக்கிப் பார்த்தாள்.

நடுவில் இரண்டு சீட்டுகள் முகம் தெரியக் கிடந்தன. சுற்றிலும் நான்கு காகித உறைகள்: டிரைவர், டெய்லர், டீச்சர், பேக்கரி. டிரைவர் என்றால் அவளுடைய மாமனார். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த உறை லேசாகத் திறந்திருந்தது. உள்ளே இரண்டு சீட்டும், சீட்டோடு சீட்டாக ஒரு டோக்கன் காகிதமும் இருந்தன. தொலைந்த சீட்டுக்குப் பதிலாக, டோக்கனின் பின்பக்கம் யாரோ பேனாவால் கிளாவர் ஏழு வரைந்திருந்தார்கள்.

"படிச்சவங்கதானே, எழுதி ஒட்டியிருக்கேன்ல" என்றபடி சிஸ்டர் வந்து தட்டை வாங்கி மூடினாள். "உங்க மாமனார் கையைப் பார்த்துட்டீங்க. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க. கிளாவர்தான் துருப்பு."

"என்ன சிஸ்டர் இதெல்லாம்?"

"அவங்க நாலு பேர் ஆட்டம். முன்னாடி ஒரு மதியத்துல ஏழெட்டு ஆட்டம் போட்டு முடிப்பாங்க. இப்ப உங்க அட்டவணையில ஒருத்தர் காலையில, ஒருத்தர் சாயங்காலம், டீச்சர் வேற நாள். அதனால வர்றவங்க ஆளுக்கு ஒரு சீட்டு இறக்கிட்டுப் போறாங்க. ரெண்டு வாரமா ஒரே ஆட்டம்தான், இன்னும் முடிஞ்ச பாடில்ல."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த கேள்வியைக் கேட்டபோது அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. "முன்னாடி ஏன் அவங்க நாலு பேரும் அவ்வளவு சீக்கிரம் வந்து காத்துக்கிட்டிருந்தாங்க?"

"காத்துக்கிட்டா? யாரு?" என்றாள் சிஸ்டர். "ஊசி போட்டுட்டா ஒரு கை நாற்காலியோட போச்சு. மிஞ்சின ஒரு கையால சீட்டைக் கலைக்க முடியுமா? நான்தான் கலைச்சுப் போடணும். அட்டைப்பெட்டியில பள்ளம் வெட்டி, அதுலதான் சீட்டை நிறுத்தி வச்சு ஆடுவாங்க. அதான், ரெண்டு கையும் இருக்கும்போது ஆசைதீர ஆடிடணும்னு ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து உக்காந்துடுவாங்க."

அந்த ஒரு மணி நேரத்தின்மேல்தான் அவளுடைய ஆராய்ச்சி நின்றுகொண்டிருந்தது. வணிக மேலாண்மைக் கல்லூரியில், எதை எப்போது யாருக்குச் செய்தால் நல்லது என்பதைக் கணக்குப் போட்டு முடிவெடுக்கும் துறை அவளுடையது. நோயாளி வந்ததும் எந்திரம் நேரம் அச்சிட்ட டோக்கன் தரும், அது வந்த நேரம். நாற்காலியில் ஊசி ஏறுவது சிகிச்சை தொடங்கும் நேரம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் காத்திருப்பு. அவள் எழுதிய நிரல் மையத்திலேயே மிக அதிகமாகக் காத்திருக்கும் பாவப்பட்ட நான்கு பேரைத் தேடிக் கண்டுபிடித்து, ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துப் போட்டு, மொத்தக் காத்திருப்பைப் பாதியாகக் குறைத்திருந்தது. அந்தப் பாதியைத்தான் அடுத்த வாரம் ஆய்வுக் குழுவின் முன் வைக்கப்போகிறாள். குழு தலையாட்டினால் பட்டம் கைக்கு எட்டிய மாதிரி. பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்று ஆசிரியர் வேலையை அவளுக்காகவே பிடித்து வைத்திருந்தது.

"என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?"

"உங்க மாமனார் விட்டாத்தானே. 'என் மருமக படிப்பு முடியற நேரம், எவனாவது வாயைத் திறந்தா அப்புறம் நான் சீட்டையே தொட மாட்டேன்'னுட்டாரு. டீச்சர்தான் கொஞ்சம் முறைச்சாங்க. அப்புறம் அவங்களும் சரி, பொண்ணு பாஸாகட்டும்னு விட்டுட்டாங்க."

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியவளுக்கு வழியெல்லாம் வீட்டின் நினைவுதான். புது நேரம் எப்படி இருக்கிறது மாமா என்று முதல் நாளே கேட்டிருந்தாள். அருமையாக இருக்கிறது, மதியம் வீட்டில் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார். ஆனால் தூங்கவில்லை. மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார். மிக்ஸிக்கு எண்ணெய் போட்டார். நன்றாக அடித்துக்கொண்டிருந்த அழைப்பு மணியைப் பிரித்துச் சரிசெய்தார். அன்றிலிருந்து அது அடிப்பதில்லை. அவள் கணவன்கூட, "அப்பாவுக்குப் புது நேரத்துல தெம்பு கூடியிருக்கு, உன் புண்ணியம்" என்று மெச்சிக்கொண்டான். அவளும் பெருமையாகத் தலையாட்டினாள். இப்போதுதான் உறைத்தது. அந்த மனுஷன் தன் ஒரே குஷியை மடித்து இவளுடைய ஆராய்ச்சிக்குள் வைத்துவிட்டு, காலையில் பையை மாட்டிக்கொண்டு சமர்த்தாகக் கிளம்பிப் போயிருக்கிறார்.

கல்லூரியில் அவளுடைய மேஜை, அச்செந்திரத்துக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே ஒரு மூலையில் இருந்தது. உட்கார்ந்து கணக்கை மறுபடி ஓட்டினாள். இம்முறை, தானாகச் சீக்கிரம் வந்த நேரத்தைக் காத்திருப்பில் சேர்க்கவில்லை. பாதி என்று நிமிர்ந்து நின்ற எண் சுருங்கிப்போய், இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டிய நிலைக்கு வந்தது. இன்னொரு முறை ஓட்டினாள். அது அசையவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியர் தன் அறையில் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாதியை அவர் ஏற்கெனவே தாழ்வாரத்தில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லி முடித்திருந்தார். அவள் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பிஸ்கட் ஊறி டீக்குள் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"டோக்கன் எடுத்ததுதான் வந்த நேரம்னு முதல் அத்தியாயத்துலேயே எழுதியிருக்கே. குழுவில யாரும் இதைக் கேட்கமாட்டாங்க" என்றார்.

"தெரியும் சார்."

"அப்புறம்?"

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே சார்."

அவர் ஸ்பூனால் பிஸ்கட்டைத் தேடிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார். "இப்ப தள்ளிப்போட்டா குழு மறுபடி கூட ஆறு மாசம் ஆகும். அந்த வேலை?"

"போன் பண்ணிக் கேட்டேன். பார்க்கலாம்னு சொன்னாங்க."

பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். கோபித்துக்கொள்வார் என்று அவள் தயாராக நின்றாள். அவரோ, "நாலு நாற்காலியும் பக்கத்துப் பக்கத்துலயா?" என்று கேட்டார்.

"ஜன்னல் ஓரமா சார்."

எழுந்து போய்ப் பலகையில் இருந்ததையெல்லாம் துடைத்தார். "நம்ம துறையில எல்லாரும் காத்திருப்பைக் குறைக்கத்தான் பாத்திருக்கோம். குறைக்கக் கூடாத காத்திருப்புன்னு ஒண்ணு இருந்தா அதை எப்படி எழுதுவே?" என்று மார்க்கரை நீட்டினார். அதில் மை இல்லை. எழுதவும் அவளிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வெறும் பலகையைப் பார்த்தபடி இருவரும் நெடுநேரம் நின்றார்கள். ரொம்ப நாளுக்குப் பிறகு அவளுக்குத் தன் வேலை பிடித்திருந்தது.

வீட்டில் மாமனார் முற்றத்துக் குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் போய் ஒரு பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"குழாய்க்கு என்ன மாமா?"

"ஒண்ணுமில்லைம்மா. வரும்முன் காப்போம்னுதான்."

"திங்கட்கிழமையிலிருந்து உங்க நாலு பேருக்கும் பழையபடி மதியம். சிஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்."

ஸ்பேனர் நின்றது. "அந்த சிஸ்டருக்கு வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதே" என்றார். பிறகு குரல் தாழ்ந்தது. "உன் படிப்பு என்னாகும்மா?"

"அது கொஞ்ச நாள் காத்திருக்கும்."

"எங்களுக்காக நீ கெடுத்துக்காதே. சீட்டு எங்கே ஓடிடப் போகுது?"

"உங்களுக்காக இல்ல மாமா. நான் போட்ட கணக்கு தப்பு. தப்பான கணக்கை வச்சு டாக்டர்னு போட்டுக்கிட்டா நாளைக்கு உங்க முகத்துல எப்படி முழிக்கறது?"

அவர் குழாயை மறுபடி பூட்டப் பார்த்தார். "இதை எப்படிப் பூட்டறதுன்னு தெரியல, பிளம்பரைக் கூப்பிடு" என்றார் கடைசியில். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

திங்கட்கிழமை மதியம் அவளும் மையத்துக்குப் போனாள். நான்கு பேரும் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஆஜர். "டைம் டேபிள் வந்தாச்சு, ஒளிச்சு வைங்கப்பா" என்றார் பேக்கரிக்காரர் அவளைப் பார்த்து. டெய்லர் நகர்ந்து இடம் கொடுத்தார். புதிதாகத் தொடங்கலாம் என்று யாரோ சொன்னதற்கு டீச்சர், "பாதியில விட்ட கணக்கை முடிக்காம அடுத்ததுக்குப் போகக் கூடாது" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். சிஸ்டர் பிளாஸ்திரியைக் கிழித்துத் தட்டைத் திறந்தாள். இரண்டு வார ஆட்டம் இரண்டு நிமிடத்தில் கடைசிச் சுற்றுக்கு வந்தது. ஆளுக்கு ஒரே சீட்டுதான் பாக்கி.

டெய்லர் இஸ்பேட் ராஜாவை இறக்கிவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். டீச்சரிடம் ஒன்றுமில்லை. பேக்கரிக்காரர் தன் சீட்டைப் போட்டுவிட்டு டெய்லரைப் பார்த்துக் கண்ணடித்தார். மாமனார் மருமகளை ஒரு தடவை பார்த்தார். அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் டோக்கன் எந்திரத்தைப் பார்த்தாள்.

அவர் மெதுவாக ராஜாவின்மேல் அந்த டோக்கன் காகிதத்தை வைத்தார். டெய்லர் நெற்றியில் அடித்துக்கொண்டார். டீச்சர் இறங்கிய சீட்டுகளை வாரி எடுத்து, தன் கூட்டாளியின் துருப்பை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் பேனாவில் வரைந்த ஏழு கிளாவர் இலைகள். மறுபக்கம் எண்ணெல்லாம் மங்கிப்போய், என்றைக்கோ ஒரு மதியம் யாரோ சீக்கிரமாக வந்து சேர்ந்த நேரம்.