அளவு ஜாக்கெட்

ஆடாம நில்லு என்கிறாள் அம்மா, உதடுகளுக்கு நடுவே குண்டூசிகள், அதனால் சொல் பாதிதான் வெளியே வருகிறது, நான் முக்காலிமேல் நிற்கிறேன், என் உடம்பில் எதிர்வீட்டு ஜெயராணியின் பச்சைக் கவுன், இன்னும் கை வைத்துத் தைக்காதது, இடுப்பில் தையல் ஓடாமல் ஊசி மட்டும் குத்தியது, அம்மா என் தோளைப் பிடித்துத் திருப்புகிறாள், கவுனின் கீழ்ச்சுற்று ஒரு கணம் பின்தங்கி, பிறகு என்னைத் தேடி வந்து முழங்காலில் மோதுகிறது, ஜெயராணிக்கு அம்மை போட்டிருந்தது, அவளும் நானும் ஒரே உயரம், ஒரே ஒல்லி, பிறந்தநாளுக்குக் கவுன் ஆக வேண்டும், ஆகவே தன் மூத்த பையனை நிறுத்தி அளவு பார்த்தாள் அம்மா, அவளுக்கு அது அவ்வளவுதான், நிற்கிற பொம்மை ஒன்று கிடைத்தது, எனக்கு அது என்னவாக இருந்தது என்று இத்தனை வருஷம் கழித்தும் சரியாகச் சொல்ல வரவில்லை, வெயிலில் நடந்து வந்தவன் செருப்பைக் கழற்றியதும் காலுக்கு ஒரு நிம்மதி வருமே, அது உடம்பு முழுக்க வந்தது என்று சொல்லலாம், தங்கச்சி சுகந்தி பாயில் உருண்டுகொண்டு அண்ணன் பொம்பளப் பிள்ள, அண்ணன் பொம்பளப் பிள்ள என்று சிரித்தாள், நான் சிரிக்கவில்லை, ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன், பேசுனா ஊசி குத்திரும் என்று அம்மா சொன்னதால் பேசாமல் நின்றேன், பிறகு பல வருஷம் பேசாமலே இருந்தேன்.

கோவில்பட்டியில் எங்கள் வீட்டில் யாரும் தையல்கடைப் படி ஏறியதில்லை, எல்லாருக்கும் அம்மாவே தைத்தாள், பழுப்புத் தாளில் எங்கள் அளவுகளை வெட்டி, துளை போட்டு, சுவரில் ஆணியில் மாட்டி வைத்திருப்பாள், சுகந்தியின் கை, அப்பாவின் காலர், அம்மாவின் முதுகு, என் சட்டை, ஜன்னல் வழியே காற்றடித்தால் மொத்தக் குடும்பமும் சுவரில் சரசரக்கும், மிஷினில் உட்காராத நேரத்தில் கையில் குரோஷா ஊசி இருக்கும், சோறு கொதிக்கும்போது, அடுத்த வீட்டுக்காரி கதை சொல்லும்போது, நூல் அவள் விரலில் சுற்றிச் சுற்றி வளையம் வளையமாக ஜாக்கெட் கழுத்துக்கு ஓரமாகும், சிப்பி சிப்பியாக ஓர் ஓரம் பின்னுவாள், அவள் போட்ட கழுத்தைக் கூட்டத்தில் எங்கே பார்த்தாலும் தெரிந்துவிடும், நான் படிக்கிற பாவனையில் அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன், யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, பார்த்துப் பார்த்தே என் விரலுக்கு அது வந்துவிட்டது, மீசை அரும்பத் தொடங்கிய வருஷம், அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், அவள் முதுகுத் தாளை ஆணியிலிருந்து எடுத்தேன், பழைய சேலை ஒன்றில் வைத்து, எனக்கேற்றபடி உள்ளே வாங்கி வெட்டி, மிஷினில் ஓட்டி, ஒரு ஜாக்கெட் தைத்தேன், கோணல்தான், ஒரு கை ஏறி ஒரு கை இறங்கி, ஆனால் போட்டுக்கொண்டு அலமாரிக் கண்ணாடி முன்னால் நிற்கிறேன், நின்றுகொண்டே இருக்கிறேன், கதவில் அப்பா.

அப்பா தீப்பெட்டி லோடு ஏற்றும் லாரி ஓட்டினார், குடிக்க மாட்டார், அதட்ட மாட்டார், வடக்கே போய்வந்தால் பலகாரம் இல்லாமல் வீட்டுக்குள் நுழைய மாட்டார், அன்றைக்கும் அவர் என்னை அடிக்கவில்லை, கழட்டு என்றார், கழற்றினேன், கையில் வாங்கி மடித்தார், ஒழுங்காக, நல்ல துணியை மடிப்பதுபோல, அது எங்கே போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, மறுநாள் காலையில் கிளீனரும் அவருமாக அம்மாவின் தையல் மிஷினைத் தூக்கி லாரியில் வைத்தார்கள், சாத்தூரில் இருக்கிற என் அத்தைக்கு, அவ ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்கா என்று தெருவில் கேட்டவர்களுக்குச் சொன்னார், மிஷின் போனால் எனக்கு அந்த நினைப்பும் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, மிஷின் நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது, அதை அம்மா துடைத்தாள், மறுபடி துடைத்தாள், பிறகு என்னைப் பார்க்காமலே, ஒன்னால எம் மிஷினும் போச்சு என்றாள், அந்த உம் என்ற ஓர் அசையை எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன், மிஷினும் என்றால் அதற்கு முன்னால் போனது எது, போனது நான்தானா.

காலேஜ் இரண்டாம் வருஷத்தோடு வீட்டை விட்டு வந்துவிட்டேன், கோயம்புத்தூர், சிங்காநல்லூரில் மாடியறை, மருந்து மொத்தக் கடையில் பில் போடுகிற வேலை, அங்கே என்னை என் புதுப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கு நானே வைத்த பெயர், அதில் எனக்குக் குறையில்லை, முதல்முதலாக ஒரு டெய்லர் கடைக்கு ஜாக்கெட் துணியோடு போன நாள் மட்டும், அந்த நாள் மட்டும் இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது, டெய்லர் டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார், என் பக்கம் ஓர் அடி வைத்தார், நின்றார், அளவு ஜாக்கெட் ஒண்ணு கொண்டாந்துருங்க என்றார், ஏற்கனவே பொருத்தமாக இருக்கிற ஒன்றைக் கொடுத்தால் அதைப் பார்த்துத் தைப்பார்களாம், பொருத்தமான ஒன்றை என் வாழ்க்கையில் நான் போட்டதே இல்லை, எங்கே போய்க் கொண்டுவருவேன், பெஞ்சில் காத்திருந்த இரண்டு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், சிரிப்புக்காகவா சங்கடத்துக்காகவா, நான் திரும்பிப் பார்க்கவில்லை, துணியைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன், அந்த மாசமே பழைய மிஷின் ஒன்று வாங்கி மாடிக்கு ஏற்றினேன், கால் மிஷின்தான், புத்தகத்திலும் போனிலும் கிடைத்த பேட்டர்ன்களைத் தாளில் எடுத்து வெட்டினேன், எந்தப் பேட்டர்னும் எனக்காகப் போட்டதில்லை, தோளில் பிடிக்கும், மார்பில் தொங்கும், இடுப்பில் சுற்றும், தோளுக்குத் துண்டுத் தாள் ஒட்டினேன், டாக்டர் கொடுத்த ஹார்மோன் மருந்துகள் என் உடம்பை மெல்ல மெல்ல மாற்ற மாற்ற மார்புக்கோட்டைப் பென்சிலால் திரும்பத் திரும்ப வரைந்தேன், பழைய கோட்டை அழிக்கவில்லை, ஒன்றுக்கு வெளியே ஒன்றாக அவை அந்தத் தாளில் அப்படியே இருந்தன, சனி ஞாயிறெல்லாம் பிரிப்பதும் தைப்பதும்தான், துணியில் பிசகினால் துணி போயிற்று, அதனால் சில சமயம் நூலையே பின்னிச் சட்டையாக்கிப் போட்டுக்கொள்வேன், நூல் என்றால் உடம்பு போன பக்கம் கூடவே போகும்.

சுகந்தி மட்டும் யாருக்கும் தெரியாமல் போன் பேசுவாள், முதலில் அண்ணே என்றாள், பிறகு எதுவும் சொல்லாமல் பேசினாள், ஒருநாள் தயங்கித் தயங்கி அக்கா என்றாள், போனை வைத்துவிட்டு நான் ரொம்ப நேரம் மொட்டைமாடியில் நின்றேன், அவளுக்குக் கல்யாணம் முடிவான செய்தியையும் அவள்தான் சொன்னாள், சொல்லிவிட்டு, வா என்றும் சொல்ல முடியாமல் வராதே என்றும் சொல்ல முடியாமல் மழை பெய்யுதா அங்க என்று கேட்டாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஈரத்தலையோடு நான் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறேன், மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு யாரோ ஏறி வருகிறார்கள், அம்மா, தலை பாதி நரைத்து, கையில் ஜவுளிக்கடைப் பையோடு, மருதமலைக் கோயிலுக்குப் போறேன்னு வீட்ல சொல்லிட்டு, சுகந்திட்ட அட்ரஸ் வாங்கிட்டு வந்தேன் என்றாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் பேசுவதுபோல.

தண்ணீர் குடித்தாள், அறையைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், என் முகத்தை மட்டும் அவள் பார்வை சுற்றிக்கொண்டு போயிற்று, வந்ததிலிருந்து என்னை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை, பையிலிருந்து அரக்கு நிறப் பட்டுச் சேலையை எடுத்து மடியில் விரித்தாள், சுகந்தியின் கூறைப் பட்டு, அதோடு வந்த ஜாக்கெட் துணி, அளவுக்கு சுகந்தியின் பழைய ஜாக்கெட் ஒன்று, நீ வர வேண்டாம், ஒங்கப்பாவால அத்தன பேரு முன்னாடி தாங்க முடியாது, ஆனா அவ மணையில போடுற ஜாக்கெட்டு நீ தைச்சதா இருக்கட்டும், அது எம் மனசுக்கு வேணும் என்றாள், அவள் இதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும், அவ்வளவு தடுமாறாமல் வந்தது, என் தையல் மேடை ஏறலாம், நான் வாசல்கூட ஏறக்கூடாது, கத்தவேண்டும்போல இருந்தது, துணியைத் தொட்டுப் பார்த்தேன், நல்ல பட்டு, கனமாக இருந்தது, திரும்ப அவள் மடியிலேயே வைத்தேன், நான் வரக்கூடாத கல்யாணத்துக்கு நான் தைக்க மாட்டேம்மா என்றேன்.

அவள் அழவில்லை, கெஞ்சவில்லை, பட்டுச் சேலையை மடிப்பு மாறாமல் மடித்துப் பையில் வைத்தாள், நான் சோறு போட்டேன், சாப்பிட்டாள், ரசம் நல்லாருக்கு என்றாள், கை கழுவித் திரும்பும்போது அது அவள் கண்ணில் பட்டது, மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்கிய என் பழுப்புத் தாள், எடுத்தாள், மேஜையில் பரப்பினாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள், அவள் விரல் கழுத்திலிருந்து கிளம்பித் தோளில் நடந்து, நான் ஒட்டிய துண்டில் தயங்கி, கைக்குழியில் இறங்கி, மார்பில் நான் போட்ட கோடுகளுக்கு வந்தது, உள்ளிருந்து முதல் கோடு, அடுத்தது, அதற்கடுத்தது, ஒவ்வொன்றின்மேலும் விரலை வைத்து வைத்துப் போனாள், வந்ததிலிருந்து என்னைப் பார்க்காதவள் அந்தத் தாளில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சுவரோடு சாய்ந்து நின்றேன், தோள்ல இவ்வளவு விட்டா தொங்கத்தான் செய்யும், கழுத்துப் பக்கம் எடுத்திருக்கணும் என்றாள்.

டேப் எங்க என்று கேட்டாள், கொடுத்தேன், எழுந்து என் பின்னால் வந்தாள், வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து அவள் கை என்மேல் பட்டதில்லை, முதுகில் பட்டது, தோளெலும்பைத் தேடியது, டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தவள் முன்னால் வந்ததும் நின்றாள், அவள் மூச்சு என் தாடையில் படுகிறது, டெய்லரைப்போல இவளும் ஓர் அடி பின்னால் போகப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன், மூச்ச விடு, அடக்குனா அளவு தப்பிரும் என்றாள், எந்தப் பெண்ணுக்கும் இழுப்பதுபோல டேப்பை இழுத்துச் சேர்த்தாள், நான் எப்போதோ வாங்கி வைத்திருந்த மயில்கழுத்து நிறத் துணியை அவளே அலமாரியில் தேடி எடுத்தாள், புதுத் தாளில் வரைந்தாள், குனிந்தபடியே கையை நீட்டி, ஏட்டி, அந்தக் கத்தரிய எடு என்றாள், சொன்ன பிறகு அவள் கை அப்படியே நின்றது, பெண்பிள்ளைகளை மட்டும் கூப்பிடுகிற ஏட்டி, இரண்டு பேருக்கும் கேட்டது, அவள் திருத்தவில்லை, நான் கத்தரியை எடுத்துக் கொடுத்தேன்.

அத்தை வீட்டுக்கு மிஷின் போன பிறகு அம்மாவின் கால் பட்ட முதல் மிஷின் என்னுடையதுதான், முதலில் பின்னால் ஓடியது, நூலை அறுத்தது, பிறகு கால் பழகியது, வெயில் இறங்குகிறவரை தைத்தாள், நான் ஹூக் கட்டினேன், சுகந்தி மாப்பிள்ளை எப்படி என்று கேட்டேன், சாந்தமான பையன் என்றாள், அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, லாரியை விட்டாயிற்று, இப்போது குடோனில் காவல், சில நாள் சாப்பிடும்போது சோற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாராம், என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்பாராம், இதையெல்லாம் சொல்லிக்கொண்டே அம்மா என் குரோஷா ஊசியால் ஜாக்கெட் கழுத்துக்கு ஓரம் பின்னினாள், சிப்பி சிப்பியாக, முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், போட்டுப் பார்த்தேன், தோள் தோளில் இருந்தது, மார்பு மார்பில் இருந்தது, வேறு சொல்ல என்ன இருக்கிறது, இத அளவுக்கு வச்சுக்க, இனி யார்ட்டக் குடுத்தாலும் இதப் பாத்துத் தைப்பாக என்றாள், பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், பட்டுப் பை மடியில், டிரைவர் ஏறிவிட்டார், அம்மா முன்னால் இருந்த சீட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டு, முகூர்த்தம் வெள்ளிக்கிழம காலையில, எட்டயபுரம் ரோட்டு மண்டபம், பஸ்ஸு வாசல்லயே நிக்கும் என்றாள், வா என்று சொல்லவில்லை, பஸ் நகர்ந்தது.

போகக்கூடாது என்று வியாழக்கிழமை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன், வெள்ளிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்குகிறேன், மயில்கழுத்து ஜாக்கெட், சாம்பல் நிறச் சேலை, மண்டப வாசலில் வாழை, மேளம், கால் ஒன்றுக்குப்பின் ஒன்றாக என்னைக் கேட்காமல் போகிறது, வரவேற்கிற இடத்தில் அப்பா, பட்டு வேட்டி, கழுத்தெலும்பு தெரிய இளைத்து, கையில் சந்தனக் கிண்ணம், எனக்கு முன்னால் போன குடும்பத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு என் பக்கம் திரும்புகிறார், திரும்பி என் முகத்தைப் பார்க்கிறார், பார்வை நழுவிக் கழுத்துக்கு வருகிறது, அந்தச் சிப்பி ஓரத்துக்கு, அங்கேயே நிற்கிறது, அவர் இத்தனை வருஷம் அதோடு ஒரே வீட்டில் இருந்தவர், யார் கை என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது, என் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள், போ என்று சொன்னால் போய்விடுவது என்று தயாராக நின்றேன், வாங்க என்றார், சின்ன வயதில் என்னை ஏலே என்று தெருமுனையிலிருந்து கூப்பிட்டவர், வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும் என்றார், யாருக்கோ சொல்வதுபோல, கிண்ணத்தை நீட்டினார், சந்தனத்தைத் தொட்டேன், விரல் நனைந்தது, அதற்குள் அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார், அந்த வாங்க என்ற சொல்லில் எனக்கு இடம் கொடுத்தாரா, இல்லை ஊரார்போல ஆக்கித் தள்ளி நிறுத்தினாரா, எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை.

உள்ளே பெண்கள் பக்கத்தில் நாற்காலி ஒன்று காலியாக இருக்கிறது, உட்காருகிறேன், மேடையில் சுகந்தி, கடையில் தைத்த ஜாக்கெட், இடது தோளில் இழுக்கிறது, அவள் தலையைக் குனிந்திருக்கிறாள், பார்க்கவில்லை, அம்மா தாம்பாளத்தோடு குறுக்கே போனவள் என்னைக் கண்டு ஒரு கணம் நின்று, தாம்பாளத்தை நேராக்கிக்கொண்டு போனாள், பக்கத்து நாற்காலிப் பெண் என் பக்கம் சாய்ந்து, நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா என்று கேட்டாள், பொண்ணு வீடு என்றேன், பொண்ணுக்கு நீங்க என்ன வேணும் என்றாள், கெட்டிமேளம் எழுந்துவிட்டது, எல்லார் கையிலிருந்தும் அட்சதை பறக்கிறது, அக்கா என்றேன், அவளுக்குக் கேட்கவில்லை, காதைக் கிட்டே கொண்டுவந்தாள், மறுபடி சொன்னேன்.