கலையின் படகு

பாய், தலையணை, ஷிப்டுக்குப் போட்டுப்போன சட்டைகள் எல்லாவற்றையும் கோணிப்பையில் திணித்த தனகோட்டி, கடைசியாக லேப்டாப்பையும் எடுத்தபோது அன்புக்கரசி அவர் கையைப் பிடித்தாள்.

"உடு பெரியப்பா."

"செத்தவன் பொழங்கனது வூட்ல இருக்கக் கூடாதும்மா. சுடுகாட்டோட போவட்டும்."

"அப்ப பைக்கு?"

தனகோட்டி யோசித்தார். பைக் புதுசு. "அது இரும்பு. இரும்புக்குத் தீட்டு இல்ல."

"இதுவும் இரும்புதான். குடு."

முந்தின நாள் காலை, சுரங்கத்துக் காண்ட்ராக்ட் வேலைக்குக் கிளம்பிய அவள் அண்ணன் கலைச்செல்வன், அந்த இரும்பு பைக்கை உதைத்தபடியேதான் சாய்ந்தான். மாரடைப்பு என்றார் டாக்டர். தெரு ஒத்துக்கொள்ளவில்லை. கேம் ஆடியே செத்தான் என்று ஒருமனதாகத் தீர்மானித்திருந்தது.

"எந்நேரமும் பொட்டியையே பாத்துக்கினு இருந்தா நெஞ்சு என்னாத்துக்கு ஆவும்?" என்று மார்பில் அடித்துக்கொண்டாள் எதிர்வீட்டு தனபாக்கியம். அடிகளுக்கு நடுவே டீ ஆறிவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

அவன் ஆடியது குறைவு. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஆடும் படகுச் சண்டை அது. அதன் நிரலை, அதாவது புரோகிராமை, யாரும் திருத்தலாம். அனுபவசாலி ஒருவர் படித்து ஒப்புக்கொண்டால் உள்ளே சேரும். தினமும் எதையாவது யாராவது மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கலையும் ஒரு மாற்றம் எழுதி அனுப்பியிருந்தான். ஆடுகிறவனின் இணைப்பு அறுந்தால் அவன் படகு உடனே காணாமல் போகக் கூடாது. திரும்பி வரும்வரை கொஞ்ச நேரம் கடலில் நிற்க வேண்டும்.

படித்துப் பார்த்த நார்வேக்காரன் கேட்டான்: 'எதற்கு இவ்வளவு நேரம்? யாருக்கு இப்படி நெட் போகிறது?'

கலை பதில் எழுதவேயில்லை. தன் பெயருக்குக் கீழே, 'நெய்வேலி, மின்சார நகரம்' என்று பெருமையாகப் போட்டு வைத்திருந்தான். அதே கையால் இங்கே அடிக்கடி கரண்ட் போகிறது என்று எழுத அவனுக்கு வெட்கம். வாரக்கணக்காகக் காத்திருந்த விளையாட்டுத் தளத்தின் தானியங்கி எச்சரித்திருந்ததை அன்புக்கரசி காலையில் போனில் பார்த்திருந்தாள்: 'எழுதியவரிடம் அசைவு இல்லை. இன்று மாலை இது மூடப்படும்.'

ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தவனைப் பார்த்தாள். அசைவு இல்லைதான்.

மதியம் கரண்ட் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் மும்முரமாகப் புகைத்தன. அங்கிருந்து ஊர் ஊருக்குக் கரண்ட் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் இந்தத் தெருவுக்கு மட்டும் லைனில் வேலை. ஐஸ் பெட்டிக்காக வாடகை ஜெனரேட்டர் வந்தது.

லேப்டாப்பில் பேட்டரி செத்து வருடமாயிற்று. அன்புக்கரசி வயரை இழுத்து, ஐஸ் பெட்டியின் பிளக்குக்குப் பக்கத்திலேயே செருகினாள்.

"பொணத்துக்கு ஓடற கரண்ட்டுல கேமு ஆடுவியா நீ?" தனகோட்டி எழுந்தார். "பழனிவேலு, கேக்க மாட்டியா உன் பொண்ண?"

அப்பா சுவரில் சாய்ந்திருந்தார். எத்தனையோ முறை இந்த லேப்டாப்பைக் கிணற்றில் போடுவேன் என்றவர்.

"உடுண்ணா," என்றார்.

அவள் நார்வேக்காரனுக்குப் பதில் எழுதினாள். விரல்கள் கோபத்தில் எழுத்துகளைத் தவறவிட்டன. 'நான் இவன் தங்கை. எங்களுக்குத்தான் போகிறது. பக்கத்திலேயே மின்நிலையம் இருந்தும் போகிறது. கரண்ட் போனவன் தோற்றவன் இல்லை. காத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?'

இறந்ததை எழுதவில்லை. பாவம் பார்த்துச் சேர்த்தால் கலைக்குப் பிடிக்காது.

பறை முழங்கியது. தூக்கினார்கள். தெருமுனைவரை போய்விட்டுப் பெண்கள் திரும்பினார்கள். கோணிப்பையும் போயிருந்தது; பைக் நின்றது.

திரையில் பதில் வந்திருந்தது. 'புரிந்தது. சேர்த்தாயிற்று. இதை முன்பே சொல்லியிருக்கலாமே!'

"சொல்லுவான்டா, சொல்லுவான்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அதற்குள் அதன் மேலேயே இன்னொரு மாற்றம் ஏறியிருந்தது. யாரோ கடற்பறவைக்கு நிறம் மாற்றியிருந்தார்கள்.

"எழுந்திரும்மா, வூடு கழுவணும்." தனபாக்கியம் வாளியோடு நின்றாள்.

அன்புக்கரசி லேப்டாப்பை மடியில் வைத்துக் கால்களை மட்டும் தூக்கிக்கொண்டாள். விளையாட்டின் சோதனை சர்வரில் புது நிரல் வந்துவிட்டது. அண்ணன் பெயரில் லேப்டாப்பிலிருந்து ஒரு படகு. தன் பெயரில் போனிலிருந்து ஒரு படகு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். பிறகு லேப்டாப்பின் நெட்டை அறுத்தாள்.

போனில் பார்த்தாள். நேற்றுவரை அண்ணன் படகு சட்டென்று மறைந்திருக்கும். மறையவில்லை. 'கலை' என்ற பெயரைத் தலையில் சுமந்துகொண்டு அலையில் ஆடியபடி நின்றது.

வாசலில் ஜெனரேட்டர்க்காரர் தலையைச் சொறிந்தார். "பொட்டி காலிதானம்மா? நிறுத்திடட்டுங்களா?"

திறந்து கிடந்த ஐஸ் பெட்டி தன்பாட்டுக்கு உறுமிக் குளிரை வெளியே விட்டுக்கொண்டிருந்தது.

"இருங்க," என்றாள், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.