நரைக்குத் தடை

ராஜா மகனுடைய தேர் உச்சிவேளைக்கு இந்தத் தெரு வழியாகப் போகும் என்று காலையில்தான் சொன்னார்கள். தெருவுக்குப் பொறுப்பான மேஸ்திரி கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

உத்தரவு சின்னதுதான். இளவரசர் கண்ணில் கிழம், நோய், பிணம் எதுவும் படக்கூடாது. பட்டால் சாமியாராகிவிடுவார் என்று ஜோசியர்கள் சொல்லிவைத்திருந்தார்கள். இருபத்தொன்பது வயதாகியும் அவர் ஒரு நரைமுடியைப் பார்த்ததில்லை. துக்கம் எங்கிருந்து வருகிறது, எப்படித் தீரும் என்று பின்னாளில் ஊர் ஊராகச் சொன்னவர் அவரேதான். ஆனால் பௌத்தம் பிறக்க இன்னும் ஆறு வருஷம் பாக்கி இருந்தது. அன்றைக்கு இருந்ததெல்லாம் தண்டனைதான்: தெருவில் கிழம் தென்பட்டால் குடும்பத்தோடு எல்லைக்கு அப்பால் விரட்டிவிடுவார்கள்.

மேஸ்திரி மரத்தில் ஓர் ஆளை ஏற்றிப் பழுத்த இலைகளைக் கிள்ளச் சொன்னார். நொண்டி நாயை இரண்டு பேர் தூக்கிப்போய் அடுத்த தெருவில் விட்டார்கள். விரிசல் விட்ட சுவருக்கு முன்னால் கொழுகொழு குழந்தைகளை வரிசையாக நிறுத்தினார். தெருக் கிழவர்களைத் தானியக் கிடங்கில் அடைத்து, இருமுகிறவர்களை மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்தார்.

மிச்சம் இருந்தது அவருடைய அப்பா. எண்பத்தொரு வயது, வில்லாய் வளைந்த முதுகு, இரண்டே பல்.

“அப்பா, நீங்களும் கொஞ்ச நேரம் கிடங்குல இருங்களேன்.”

“எதுக்கு?”

“வயசானவங்க எல்லாரும் அங்கதான் இருக்காங்க.”

“அங்க எனக்கென்ன வேலை? அந்தக் கிழடுங்களோட உக்காந்தா எனக்கும் ஒட்டிக்கும்டா.”

மேஸ்திரி மனைவியைப் பார்த்தார். அவள் குழந்தைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“மாமாகிட்ட நீங்களே பேசிக்கோங்க. எனக்குத் தலைக்கு மேல வேலை.”

“எனக்குத் தலையே போற வேலைடி.”

கடைசியில் அப்பாவைப் பின்கட்டு அறைக்குள் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஓடினார்.

கொம்பு ஊதினார்கள். தேர் தெருமுனையில் திரும்பியது. மேஸ்திரி கடைசியாக ஒருமுறை தெருவைப் பார்த்தார். அப்பா நட்டநடுத் தெருவில் கம்போடு நின்றுகொண்டிருந்தார். அறை ஜன்னல் வழியாக இறங்கிப் பின்சுவர் ஏறிக் குதித்திருக்கிறார்.

“கிழடுங்க யாராவது இருந்தா உள்ள போங்கப்பா. தேர் வருதில்ல,” என்று அதட்டிக்கொண்டிருந்தார். மகனுக்கு ஒத்தாசையாம்.

குதிரைகள் நின்றன. தேருக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அப்பாவைக் காட்டியது. தேரோட்டியிடம் ஏதோ கேட்டது காதில் விழவில்லை, பதில் விழுந்தது.

“அவருக்கு வயசாயிடுச்சுங்க.”

யாரைச் சொல்கிறான் என்று அப்பா திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

உள்ளே மறுபடி ஏதோ கேட்டார்கள். தேரோட்டி கொஞ்சம் தயங்கினான்.

“உங்களுக்கும்தாங்க. எல்லாருக்கும்.”

தேர் வந்த வழியே திரும்பியது. பின்னால் வந்த காவல் அதிகாரி மட்டும் குதிரையை விட்டு இறங்கினார்.

“இந்தக் கிழவன் யாரு?”

தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். பெண்டாட்டி, பிள்ளை, வீடு, வேலை எல்லாம் தப்பும். மேஸ்திரி ஓரடி முன்னால் வந்தார்.

“என் அப்பாங்க,” என்றார்.

“வயசு?”

யாராவது இதைக் கேட்டால் அப்பா கம்பைத் தூக்குவது வழக்கம். இப்போது கம்பு தூக்கப்படவில்லை. தேர் போன திக்கையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லத் திரும்பினார்.

“எண்பத்தொண்ணுய்யா. கிழவன்தான். பூட்டின அறையிலருந்து நானேதான் குதிச்சு வந்தேன். அவன்மேல தப்பில்ல. நான் மட்டும் போறேன்.”

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “சுவர் ஏறிக் குதிச்சீரா?”

“ஆமா. முட்டி இப்போ வலிக்குது.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்ததா, வேறு ஏதாவது வந்ததா என்று தெரியவில்லை. உத்தரவு உத்தரவுதான், ஆனால் ஒருவர் போதும் என்றார்.

அப்பாவைத் தனியாக அனுப்ப மேஸ்திரி சம்மதிக்கவில்லை. மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அப்பாவின் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லைப் பக்கம் முன்னால் நடந்தார். நூறடி போயிருப்பார்கள்.

“டேய், கொஞ்சம் மெதுவா நடடா,” என்றார் அப்பா.