உலக நன்மைக்கு ஒரு மௌன விரதம்

பானுப்ரியாவின் நிச்சயதார்த்தத்தில் அவள் அம்மா வாயே திறக்கக்கூடாது என்று தாய்மாமன் வீரபாகு தீர்ப்புச் சொன்னார். ஆரணியில் பட்டுக்கடை வைத்திருப்பவர், கோயில் கமிட்டித் தலைவர், தனக்குப் போடவேண்டிய சால்வையைத் தானே வாங்கிக் கொடுத்தனுப்புகிறவர். அப்பா கமலக்கண்ணனோ தறியைத் தவிர யாரோடும் மல்லுக்கு நின்றதில்லை.

"ஆறு வருஷமா மாத்திரை போட்டுகினு அம்மா நல்லாத்தானே இருக்குது மாமா?"

"நீ சொல்லுவ. கண்ணமங்கலத்து மாப்பிள்ள வீட்டுக்காரங்க ஒத்துக்குவாங்களா? காதுல குரல் கேட்டவள்னு தெரிஞ்சா வந்த வண்டியிலயே திரும்பிடுவாங்க. பின்கட்டுலயே இருக்கட்டும்."

"அம்மா சபையில இல்லன்னா நானும் இல்ல."

கடைசியில் ஒருவழியாகப் படிந்தது. அம்மா ஸ்வர்ணலதா சபையில் உட்காரலாம். கேட்டால் மௌன விரதம். அவள் மகளைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கி இறக்கினாள். அந்தப் புருவத்தை பானுவுக்குத் தெரியும். ஏதோ குறும்பு வரப்போகிறது.

மாப்பிள்ளையின் அம்மா ஹேமலதா உட்கார்ந்ததும் விசாரித்தாள். "விரதம் எத்தினி நாளுங்க?"

"நாப்பத்தெட்டு" என்றார் வீரபாகு.

"எதுக்குங்க?"

"உலக நன்மைக்கு."

பொய்யை வெறும் நூலில் நெய்து அவருக்குப் பழக்கமில்லை. ஜரிகை வைத்தே தீரவேண்டும்.

அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் சட்டென்று ஸ்வர்ணலதாவின் காலில் விழுந்தார். பின்னாலேயே கூட்டம் வரிசை கட்டியது. அவளும் சளைக்காமல் கையை உயர்த்திக்கொண்டிருந்தாள்.

"நீங்க விழலீங்களா?" என்றாள் ஹேமலதா வீரபாகுவிடம்.

"என் தங்கச்சிங்க அவ."

"சாமிக்கு முன்னாடி இன்னாங்க அண்ணன், தங்கச்சி?"

பட்டு வேட்டி கசங்க வீரபாகு விழுந்தார். ஸ்வர்ணலதா அவசரப்படவில்லை. முந்தானையைச் சரிசெய்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், பிறகு நிதானமாகக் கையைத் தூக்கினாள். பானு சிரிப்பை அடக்கமாட்டாமல் சமையலறைக்கு ஓடினாள்.

பின்னாலேயே அம்மா வந்தாள். அம்மாவின் பின்னால் ஹேமலதா. வந்தவள் கதவைச் சாத்தினாள்.

"எங்க வீட்டுக்காரரு மூணு மாசமா தூங்கறதில்லம்மா. ரைஸ்மில்லுல எல்லாரும் அவரப் பத்தியே பேசிகினு இருக்காங்களாம். செவுத்துல காத வெச்சிகினு நிக்கிறாரு. ஜுரம்னு பொய் சொல்லித்தான் இன்னிக்கு உட்டுட்டு வந்தோம். தாயத்து, மந்திரிப்பு எல்லாம் ஆச்சு. உங்க கையால துளி விபூதி குடுங்க."

வேண்டாம் என்று பானு தலையசைத்தாள். அம்மா வாய் திறந்தால் மாப்பிள்ளை விக்னேஷ் கையை விட்டுப் போனான். ஸ்வர்ணலதா மகளை ஒரு கணம் பார்த்தாள். இப்போது புருவம் அசையவில்லை.

"விபூதி வெச்சிக்குங்க, தப்பில்ல. ஆனா எனக்குக் குரல் அடங்கினது மாத்திரையிலதான். வேலூர்ல டாக்டரு, செவ்வாக்கிழம பாப்பாரு. உங்க வீட்டுக்காரரக் கூட்டிகினு வாங்க, நானும் வரேன்."

"உங்களுக்குமா?"

"ஆமா. விரதமெல்லாம் எங்க அண்ணன் கடைச் சரக்கு."

ஹேமலதா அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தாள். பானுவின் கையில் கேசரிக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

"டோக்கன் எத்தினி மணிக்குக் குடுப்பாங்க?" என்றாள் ஹேமலதா.

"ஏழுக்கே நிக்கணும். சீட்டு எழுதற பொண்ணு சிடுசிடுன்னு விழுவா, கண்டுக்காதீங்க."

கதவைத் தட்டிக்கொண்டு வீரபாகு தலையை நீட்டினார். "செவ்வாக்கிழமன்னு காதுல விழுந்துதே! செவ்வாய்ல யாருங்க முகூர்த்தம் வெப்பாங்க?"

"அது வேற வேலைங்க" என்று ஹேமலதா எழுந்தாள். "நீங்க போய்த் தாம்பூலத் தட்ட எடுத்து வைங்க. சம்மந்திங்க ரெண்டு பேரும் வந்துகினே இருக்கோம்."