முதல் சாலுரானில் பத்தொன்பது பேர்

மலேசியாவில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஷா ஆலமிலிருந்து கிள்ளான் வரை தேர்தல் மேடையில் நின்றவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். யாரை எந்த வீட்டுக்கு, எந்த நேரத்தில் அனுப்புவது என்று பின்னாலிருந்து திட்டம் போட்டவர் மட்டும் திருச்செல்வம்தான். ஆனால் கடைசி மூன்று தேர்தல்களும் வரிசையாகக் கவிழ்ந்தன. கிள்ளான் இடைத்தேர்தலை ஒப்படைக்கும்போது, பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்தில் கட்சிச் செயலாளர் சின்னையா சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டார்.

"இதுவும் போச்சுன்னா வேற ஆள பாத்துக்குறோம் செல்வம். கோவிச்சுக்காத."

கோபித்துக்கொள்ள எங்கே நேரம்? வேட்பாளர் குமுதா கிள்ளானில் நல்ல பெயரெடுத்த வக்கீல். முதியவர்கள் ஓட்டு அவருக்கு உறுதி என்று வீடு வீடாகப் போனவர்கள் எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். இழுபறியெல்லாம் இளைஞர்களிடம். ஆகவே வாக்களிப்பு நாளன்று தொலைபேசியில் பேச உட்காரவைத்த முப்பது பேரையும் இளைஞர்களைக் கூப்பிடவே ஒதுக்கினார்.

நடுவில் ஒரு மாற்றம் வந்தது. ஒரு வட்டாரத்தார் எப்போதும் ஓட்டுப் போடும் பள்ளியில் கூரை வேலை. வாக்குச் சாவடி ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போய்விட்டது. திருச்செல்வம் வரைபடம் போட்டு அந்த வட்டாரத்தார் எல்லாருக்கும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார். போய்ச் சேர்ந்ததென்று இரண்டு டிக் விழுந்தது. அத்தோடு அதை மறந்தார்.

இங்கே ஓட்டுப் போடுமிடத்தில் வயதுப்படி வரிசை பிரிப்பார்கள். சாலுரான் என்பது அதன் பெயர். முதல் சாலுரான் மூத்தவர்களுக்கு, கடைசி சாலுரான் இளசுகளுக்கு. புதிய பள்ளியின் முதல் சாலுரானில் காலை எட்டு முதல் பத்து வரை கட்சி முகவராக உட்கார்ந்து, வந்தவர்கள் பெயரை அடித்தவர் ஓய்வுபெற்ற தாதி செசிலியா. முறை முடிந்து வெளியே வந்ததும் திருச்செல்வத்தைக் கூப்பிட்டார்.

"தம்பி, நானூத்திச் சொச்சம் பேர்ல பத்தொம்பது பேர்தான் வந்திருக்காங்க."

"காய்கறி வாங்க பாசாருக்குப் போயிருப்பாங்க அக்கா. மெதுவா வருவாங்க லா."

"வயசானவங்கள பத்தி எனக்கே பாடம் எடுக்காத. முப்பத்தஞ்சு வருசம் வார்டுல பாத்தவ. கேட்டு தொறக்குறதுக்கு முன்னாடி வந்து நிக்கிற கூட்டம் அது. வெயில் ஏறிட்டா வாசல் தாண்டாது. நான் பழைய ஸ்கூலுக்குப் போய்ப் பாக்குறேன்."

கால்மணி நேரத்தில் மறுபடி மணி அடித்தது.

"பூட்டுன கேட்டு முன்னால பதினாலு பேரு நிக்கிறாங்க. ஒட்டுன நோட்டீசு மழையில கிழிஞ்சு தொங்குது. முன்னாடி வந்தவங்க, இன்னைக்கு ஓட்டு இல்லபோலன்னு வீட்டுக்குப் போயிட்டாங்களாம்."

"மெசேஜ் போச்சே அக்கா. எல்லாருக்கும் ரெண்டு டிக்."

"அந்த நம்பரு மகனோடது. மகன் சுபாங் ஜெயாவுல இருக்கான். அப்பா இங்க கேட்ட பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு."

இளைஞர்களைக் கூப்பிடுவதை நிறுத்தினால் அங்கே ஓட்டு குறையும். நிறுத்தாவிட்டால் உறுதி என்று நினைத்ததே போகும். திரையில் இருந்த எண்கள் வாய் திறக்கவில்லை. செசிலியாவின் சொல் ஒன்றுதான் கையில். அதைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் இப்ப பேசுறத முடிச்சிட்டு, முதல் சாலுரான் லிஸ்ட எடுங்க. பிள்ளைங்கள கூப்பிட்டு, அப்பா அம்மாவ எந்த ஸ்கூலுக்குக் கூட்டிப்போகணும்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவரும் பழைய பள்ளி வாசலுக்கு ஓடினார். செசிலியா குடையும் கையுமாக வழி சொல்லிக்கொண்டிருந்தார். கட்சி அட்டை கழுத்தில் இல்லை.

"இதுல நம்ம ஆளுங்க யாருன்னு…" என்று மெல்ல இழுத்தார் திருச்செல்வம்.

"எல்லாருக்கும்தான் சொல்றேன். ஓட்டு அவங்களோடது. நீயும் அந்த அட்டைய கழட்டு."

கழற்றினார். மாலை ஐந்தரை வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

குமுதா அறுபத்துமூன்று ஓட்டில் ஜெயித்தார். மறுநாள் காலை சின்னையா அழைத்தார். "வாட்ஸ்ஆப் பிளான் பிரமாதம்னு பேசிக்கிறாங்க செல்வம். அடுத்த வாரக் கூட்டத்துல நீதான் விளக்கணும்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாற்காலி கெட்டி. திருச்செல்வம் அதைச் சொல்லவில்லை.

"அந்த பிளான்தான்ணே நம்மள கவுக்கப் பாத்துச்சு" என்று தொடங்கி, பூட்டிய கேட்டிலிருந்து குடை வரை ஒன்றுவிடாமல் சொன்னார். "ஜெயிச்சது செசிலியாக்காவால. வேற ஆள பாக்கணும்னா பாருங்க."



"ஜெயிச்ச பிறகு தன் தப்பச் சொல்ற ஆள நான் எங்கய்யா போய்த் தேடுறது? அந்தம்மாவையும் கூட்டிக்கிட்டு வா" என்றார் சின்னையா.

அன்று மாலையே பழக்கூடையோடு செசிலியா வீட்டுக்குப் போனார் திருச்செல்வம். இருபத்திரண்டு ஆண்டுகளில் எத்தனை பேர் இப்படித் தாங்கிப் பிடித்திருப்பார்கள், எல்லாம் என் மூளை என்றல்லவா நினைத்திருந்தேன் என்று வழியெல்லாம் மனம் நெகிழ்ந்து கிடந்தது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் செசிலியா ஒரு தாளை நீட்டினார்.

"கேட்டு வரைக்கும் வந்துட்டு, ஓட்டுப் போடாமயே போன பதினோரு பேரு. அக்கம்பக்கத்துல விசாரிச்சு எழுதுனேன். எனக்கு நன்றி இருக்கட்டும். இவங்கள போய்ப் பாரு."

முதல் வீட்டில் கதவைத் திறந்தவர் ராதாகிருஷ்ணன், எழுபத்தெட்டு வயது.

"எலெக்சன்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் என்ன?"

"தெரியும் ஐயா. இடம் மாறுனத உங்ககிட்ட நேர்ல வந்து சொல்லாம விட்டது என் தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் உங்களுக்குப் போட்டிருக்க மாட்டேன், தெரியுமா?"

"பரவாயில்ல ஐயா. யாருக்குன்னாலும் உங்களால போட முடிஞ்சிருக்கணும்ல."

பெரியவர் கதவை அகலத் திறந்தார். "செருப்ப அங்க விட்டுட்டு உள்ள வாங்க."