ஜிப்பா அனுப்பினீங்களா?

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா, தெரியவில்லை. மாமாவைக் கேட்டால் கதையே வேறு. அதில் அவர்தான் வீரர். அவர் பொய்யில் இருக்கும் தெளிவு என் உண்மையில் இல்லை.

அக்காவும் மாமாவும் வீட்டு முன்னறையில் புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தார்கள். அக்கா இரண்டு வருடமாகக் கோத்த, ஒரு பேராசிரியரின் அகராதி முழுவதும் ஒரே கணினியில் இருந்தது. நகல் எடுக்கும் பொறுப்பு மாமாவுடையது. அதாவது, நகல் இல்லை.

அன்று பேராசிரியர் பெயரில் ஓர் அஞ்சல் வந்தது. ‘அவசரம். திருத்தம் இணைப்பில்.’ இணைப்பு ஒரு ஜிப் கோப்பு, சுருக்கிக் கட்டிய மூட்டை. மாமாவின் விரல் சுட்டியில் துடித்தது.

“அவுக்காதீங்க மாமா,” என்று அவரை நகர்த்திவிட்டு, உள்ளிருந்த கோப்பின் பெயரை மட்டும் பார்த்தேன். ‘திருத்தம்.pdf’. பெயர்க் கட்டத்தை இழுத்து அகலமாக்கினேன். நீண்ட வெற்றிடத்துக்குப் பிறகு ஒரு வால்: ‘.exe’.

“இது படிக்கிற கோப்பு இல்ல. ஓடுற நிரல். திறந்தா அகராதியையே பூட்டிட்டு, சாவிக்கு நம்மகிட்டயே பேரம் பேசும்.”

“திருத்தம்னு எழுதியிருக்கே, மாப்ள!”

“பாம்பு நெத்தியில பாம்புன்னு ஒட்டியிருக்குமா?”

மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாமாவுக்குச் சும்மா இருந்தால் மூச்சுமுட்டும்.

“அனுப்பினவரையே கேட்டா போச்சு,” என்று பேராசிரியரை அழைத்தார். “சார், கடையிலேர்ந்து பேசறேன். ஜிப்பா அனுப்பினீங்களா?”

“ஆமாப்பா, காலையிலயே அனுப்பிட்டேனே! சீக்கிரம் பாரு.”

மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கை சுட்டிக்குப் போனது. அக்கா அந்தக் கையை அமுக்கிப் பிடித்தாள். நான் கைப்பேசியைப் பிடுங்கினேன்.

“சார், உள்ள என்ன இருக்கு?”

“உள்ளயா? பையில கைக்குட்டை இருந்தா எடுத்து வை. நெஞ்சுல காபிக் கறை இருக்கும், அழுத்தித் தேச்சுக் கிழிச்சிராதே.”

“சார், இது சலவைக் கடை இல்ல!”

“பின்ன ஜிப்பாவ ஏன்யா கேக்குற?”

அக்கா சிரிக்கவில்லை. மாமாவின் கையை விடாமலே மறுகையால் அஞ்சலை அழித்தாள். “இப்ப நகல் எடுங்க. நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன்.”

எடுத்தார்.

அகராதி வெளிவந்தது. பேராசிரியர் ஓய்வுபெற்று மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கடையை அக்கா தனியாக நடத்துகிறாள். மாமா ஒரு பாத்திரக் கடையில் விற்பனையாளர். நான் பிழை திருத்துகிறேன்.