ஆறே முக்காலுக்கு எழுந்திருக்கும் மோத்தி

“மோத்தி ரோஹிணியைத்தான் தேடுது” என்றேன்.

“நாய்க்கு மணி பார்க்கத் தெரியுமா? கம்பெனி பஸ் ஹார்ன் கேட்டு எழுந்திருக்குது” என்றார் என் வீட்டுக்காரர் அருணாச்சலம்.

ரோஹிணி எங்கள் ஒரே மகள். கராடியில் ஐ.டி. வேலை. மாலை ஆறே முக்காலுக்கு இங்கே கசார்வாடியில், எங்கள் தெருமுனையில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குவாள். கூட வேலை பார்க்கும் நீல் என்ற பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். “அப்படின்னா இந்த வீட்டுக்கு வராதே” என்றுவிட்டார் இவர். கராடியிலேயே அறை எடுத்துக்கொண்டாள். எட்டு மாதமாகிறது. நான் மட்டும் போனில் பேசுவேன். மோத்தியோ இன்னும் ஆறே முக்காலுக்குக் கதவருகே போய் உட்கார்கிறது.

போசரி தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தவர் சும்மா விடுவாரா?

“சோதிச்சே பார்த்துடுவோம். ஒரு நேரத்தில ஒண்ணைத்தான் மாத்தணும். நாளைக்கு ஞாயிறு, பஸ் கிடையாது.”

பஸ் வரவில்லை. மோத்தி எழுந்து போனது.

“இப்ப என்ன சொல்றீங்க?”

“நீதான் ஜாடை காட்டுறே. நாளைக்குப் பக்கத்து வீட்டுல போய் உக்காரு.”

“ஆமா, நாய்க்கு நான் ட்யூஷன் எடுக்கிறேன்!”

பக்கத்து வீட்டு ராஜஸ்ரீயோடு சாய் குடித்துவிட்டு ஏழு மணிக்குத் திரும்பினேன். நோட்டில் எழுதி வைத்திருந்தார்: ‘மல்லிகா இல்லை. நாய் போனது.’

“பாத்தீங்களா? அவளைத்தான் தேடுது.”

“பொறு. ஒரு நாளை வெச்சு முடிவு சொல்லக் கூடாது.”

மறுநாள் சாயங்காலம் அவரைத் தயிர் வாங்க அனுப்பினேன். ஆறே முக்கால் ஆயிற்று. பஸ் ஹார்ன்கூடக் கேட்டது. மோத்தி காதை அசைத்துவிட்டுத் தலையைத் தரையில் வைத்துக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னோடு சேர்ந்து அவளுக்காகக் காத்திருக்க இந்த வீட்டில் அது ஒன்றாவது இருக்கிறது என்று நினைத்திருந்தேனே!

அப்புறம்தான் யோசனை வந்தது: அன்றைக்கு வீட்டில் இல்லாதது இவர் மட்டும்தானே? அடுத்த நாள் ஃபிரிட்ஜ் மேல் போனைச் சாய்த்து வைத்துப் படம் பிடித்தேன். ராத்திரிச் சாப்பாடு ஆனதும் அவர் கையில் கொடுத்தேன்.

“பாருங்க.”

படத்தில் இவர் பேப்பர் படிக்கிறார். ஆறே முக்காலுக்கு மடித்து வைக்கிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நாற்காலி நுனிக்கு நகர்ந்து, கதவையே பார்க்கிறார். மோத்தி இவர் முகத்தைப் பார்க்கிறது. பிறகுதான் எழுந்து போகிறது.

இரண்டாவது தடவையும் ஓட்டிப் பார்த்தார்.

“கேமரா கோணம் சரியில்லை.”

“அளக்கிற கருவியை முதல்ல சரிபார்க்கணும்னு சொல்வீங்களே. உங்களை மட்டும் சரிபார்க்காம விட்டுட்டீங்க.”



“தினமுமா இப்படிப் பாக்கறேன்?”

“மோத்தியைக் கேளுங்க.”

“அவ நம்பர் பழசுதானா?”

“அதேதான்.”

அவர் போனிலிருந்தே கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது.

“வேலையா இருப்பா” என்றேன்.

“ம்.” போனைக் கீழே வைக்கவில்லை. “இன்னொரு தடவை அடிக்கட்டுமா மல்லிகா? தப்பா நினைச்சுக்குவாளா?”

“அடிங்க” என்றேன்.